மருத்துவத்தை முதலாவதாகப் போட்டால் மற்றது போய்விடுமா? பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் ஒரு ஏ, இரண்டு பி எடுத்திருக்கிறாள். கொழும்பு மாவட்டம். மருத்துவம் கிடைக்காது என்று ரியூஷன் ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆனாலும் பிள்ளைக்கு ஆசை விடவில்லை. "மருத்துவத்தை முதலாவதாகப் போட்டால் கிடைக்கக்கூடியதும் கைநழுவிப் போகும், கிடைப்பதை மேலே போடுங்கள்" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா, விண்ணப்பத்தை எப்படித்தான் நிரப்புவது என்பது கேள்வி.

உண்மையில்லை அம்மா. ஒவ்வொரு வருடமும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் வேண்டாத பாடநெறியில் போய் இருப்பதற்கு இந்த ஒரு தப்பான அறிவுரைதான் பெரிய காரணம். ஆகவே முதலில் இதை விளக்கிவிடுகிறேன். மற்றவை பிறகு.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளை இசட் புள்ளிப்படி (உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் ஒப்பீட்டுப் புள்ளி, கணக்கைக் கீழே சொல்கிறேன்) வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் கொடுத்த விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதலாவது விருப்பத்துக்குப் புள்ளி காணாதென்றால் இரண்டாவது, அதற்கும் காணாதென்றால் மூன்றாவது. எங்கே புள்ளி காணுகிறதோ அங்கே நின்றுவிடும். ஒரு பாடநெறியை முதலாவதாகப் போட்டவருக்கு அங்கே தனி முன்னுரிமை கிடையாது. பிசியோதெரபியை முதலாவதாகப் போட்ட பிள்ளையும் ஏழாவதாகப் போட்ட பிள்ளையும் அந்த ஓர் இடத்துக்கு எதிரெதிரே வந்தால், இசட் புள்ளி கூடியவருக்கே இடம். ஆக, மகள் மருத்துவத்தை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காமல் போனால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. அடுத்த விருப்பத்துக்கு அதே புள்ளியோடு, அதே உரிமையோடு போகிறாள்.

நட்டம் வருவது மறுபக்கத்தால். பிள்ளைக்கு உண்மையில் பிடித்தது பிசியோதெரபி என்று வைப்போம். ஆனால் பயத்தில், வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதே, எப்படியும் கிடைக்குமே என்று கொழும்புப் பல்கலைக்கழக உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போட்டுவிடுகிறாள். இரண்டுக்குமே புள்ளி காணுகிறது. கிடைப்பது உயிரியல் விஞ்ஞானம். பட்டியலில் அதற்குக் கீழே இருக்கும் பிசியோதெரபியை யாரும் பார்க்கவே மாட்டார்கள். வெட்டுப்புள்ளி, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக எடுபட்ட இசட் புள்ளி, வெளிவந்த பிறகு "எனக்கு அதுக்கும் காணுமே" என்று ஆணைக்குழு இருக்கும் வோர்ட் பிளேஸ் 20ஆம் இலக்கத்துக்குக் கடிதத்தோடு போனாலும் பயனில்லை, முடிவுத் திகதிக்குப் பிறகு ஒழுங்கை மாற்ற முடியாது.

எனவே பட்டியலின் ஒழுங்கு பிள்ளையின் ஆசைப்படி மட்டுமே இருக்க வேண்டும். கடந்த வருட வெட்டுப்புள்ளிக்கு அதில் வேலையே இல்லை. அது உதவுவது வேறொன்றுக்கு: பட்டியலை எவ்வளவு தூரம் கீழே கொண்டுபோக வேண்டும் என்று அறிவதற்கு.

செய்யும் முறையைச் சொல்கிறேன். ஒரு பெரிய தாளில் நான்கு நிரல் கீறுங்கள். யூனிகோட் (விண்ணப்பத்தில் போடும் பாடநெறிக் குறியீடு), பாடநெறியும் பல்கலைக்கழகமும், பிள்ளையின் மாவட்டத்துக்குரிய கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளி, அந்தப் பாடநெறி கேட்கும் விசேட தகைமை. முதலில் மூன்றாவது நிரலை வெறுமையாக விடுங்கள். ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைந்நூலைப் பிள்ளை கையில் எடுத்து, தன் மூன்று பாடங்களுக்கும் தகுதியான பாடநெறிகளையெல்லாம் பென்சிலால் அடையாளமிட்டு, விரும்பும் வரிசையில் எழுதட்டும். எழுதி முடித்த பிறகு வெட்டுப்புள்ளியை நிரப்புங்கள். அப்போது கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்: பிள்ளையின் புள்ளி எந்த வரிசை தொடக்கம் வசதியாகக் காணுகிறது என்று. அந்தக் கோட்டுக்குக் கீழேயும் சில பாடநெறிகள் இருக்க வேண்டும். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் ஏறும், இறங்கும். புதிய பீடம் திறந்தால், அனுமதி எண்ணிக்கையைக் கூட்டினால் இறங்கும். ஒரு பாடநெறி திடீரென்று பிரபலமானால் ஏறும். இரண்டாம் மூன்றாம் தசம தானங்களில் தோற்றவர்கள் ஏராளம், ஏனென்றால் இசட் புள்ளி நான்கு தசம தானத்துக்குக் கணிக்கப்படுகிறது.

யூனிகோட் மூன்று இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. இலக்கம் பாடநெறியைச் சொல்லும், எழுத்து பல்கலைக்கழகத்தைச் சொல்லும். அதனால் "தாதியியல்" என்று ஒருமுறை போட்டால் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் போட்டதாக ஆகாது. யாழ்ப்பாணம் ஒன்று, பேராதனை ஒன்று, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஒன்று என்று தனித்தனியே போட வேண்டும். எழுத்து ஒன்று மாறினால் பிள்ளை வேறு ஊருக்குப் போக வேண்டிவரும். சமர்ப்பிக்கும் முன் ஒருவர் தாளிலிருந்து சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் சரிபாருங்கள்.

வெட்டுப்புள்ளி அட்டவணையில் சில மாவட்டங்களுக்கு நேரே எண் இல்லாமல் என்கியூசி என்று இருக்கும். அந்த மாவட்டத்தில் அந்தப் பாடநெறிக்குத் தகுதியான விண்ணப்பதாரி இருக்கவில்லை என்பதே அதன் பொருள். கதவு மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஏ, இரண்டு பி என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பதுதான் இசட் புள்ளி. 2001இலிருந்து அனுமதிக்கு இதுவே அளவுகோல். ஒரே மாதிரிச் சித்தி பெற்ற இரண்டு பிள்ளைகளின் இசட் புள்ளி வெகுவாக வேறுபடலாம், ஏ என்பது 75இலும் ஏதான், 95இலும் ஏதான். பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியோடு மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை இரண்டும் இருக்கும். நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது மாவட்ட நிலையை.

காரணம் ஒதுக்கீட்டு முறை. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகப் பிரகடனப்படுத்தப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம், நுவரெலியா, பதுளை எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு, கம்பஹா, களுத்துறை அடங்காது. கொழும்பில் சனத்தொகை பெரிது, ஆகவே இடமும் கூடத்தான், ஆனால் போட்டியும் இங்கே மிக நெருக்கம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி எப்போதும் மேல்வரிசையில் இருப்பது அதனால்தான்.

வீட்டில் இளைய பிள்ளை இருந்தால் இதையும் மனதில் வையுங்கள். மாவட்டம் என்பது பெற்றோரின் சொந்த ஊர் அல்ல. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்பதே கணக்கு. வத்தளை, ஹெந்தளைப் பாடசாலை என்றால் கம்பஹா மாவட்டம். பாணந்துறை களுத்துறை மாவட்டம். தெஹிவளையும் இரத்மலானையும் கொழும்பு. ஹட்டனிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் பிள்ளையை நல்ல ரியூஷனுக்காக இடையில் கொழும்புப் பாடசாலைக்கு மாற்றுவது, மருத்துவமோ பொறியியலோ இலக்கு என்றால், பல குடும்பங்களுக்குக் கைநட்டத்தில் முடிகிறது. இரண்டு மாவட்டங்களில் படித்திருந்தால் என்ன விதி என்பது கைந்நூலில் எழுதப்பட்டிருக்கிறது. பாடசாலையை மாற்றும் முன் அதை வாசிக்க வேண்டும், மாற்றிய பிறகு அல்ல. சர்வதேசப் பாடசாலையில் லண்டன் உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இந்த வழி திறக்காது, அதற்கு இசட் புள்ளியே இல்லை. பத்தாம் வகுப்பில் அந்த முடிவை எடுக்கும் பெற்றோர் பலருக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவருகிறது.

மகளின் விடயத்துக்கு வருகிறேன். உயிரியல் பிரிவு என்றால் மருத்துவமும் பல்மருத்துவமும் மட்டும்தான் என்ற நினைப்பை விடுங்கள். பேராதனையில் மிருக வைத்தியம் இருக்கிறது. பிசியோதெரபி கொழும்பிலும் பேராதனையிலும், கதிர்ப்படவியல் பேராதனையிலும் உண்டு. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல் மூன்றும் யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில். களனியில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானம்: தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கு நாடு முழுவதும் தட்டுப்பாடு, இது பற்றித் தமிழ்ப் பெற்றோர் கேட்பதே இல்லை என்பது பெரிய குறை. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும், யூனானி கொழும்பிலும். வயம்பவில் உணவு விஞ்ஞானமும் போஷாக்கும். விவசாயம் பல இடங்களில். இவற்றில் எது பிள்ளைக்குப் பிடிக்கும் என்பதை வைத்தியசாலையிலோ ஆய்வுகூடத்திலோ அந்த வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் பேசினாலே தெரிந்துவிடும்.

போகவே மாட்டோம் என்று தெரிந்த பாடநெறியைப் பட்டியலில் போட வேண்டாம். தெரிவானால் அதுதான் உங்கள் இடம், வேறொன்று தரமாட்டார்கள். தூரம் காரணமாக விடமாட்டோம் என்றால் அதை இப்போதே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தெரிவுக் கடிதம் வந்த பிறகு அழுகையோடு அல்ல.

நுண்ணறிவு அல்லது செயன்முறைப் பரீட்சை வைக்கும் பாடநெறிகளில் தவறுகிறவர்கள் மிக அதிகம். மொரட்டுவையின் கட்டடக்கலை, வடிவமைப்பு, சங்கீதம், நடனம், கட்புலக் கலை, உடற்கல்வி போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் தனியாக விண்ணப்பம் கோரும். அதற்கான திகதி வேறு, கட்டணம் வேறு. அந்தப் பரீட்சையில் சித்தியடையாமல் யூனிகோடை மட்டும் விண்ணப்பத்தில் போட்டால் அந்த வரி வெறும் வரிதான். உங்கள் மகளுக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் கைந்நூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை விடாமல் வாசியுங்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலமோ கணிதமோ விஞ்ஞானமோ இன்ன சித்தி வேண்டும் என்ற நிபந்தனைகளும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

அடிப்படைத் தகுதி எளிது: ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தி, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. பொதுச் சாதாரணப் பரீட்சையை விளையாட்டாக எழுதி 30ஐத் தொடாத கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு.

இனி ஆவணங்கள். தமிழ்க் குடும்பங்களில் அதிகம் சிக்குவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் முழுதாக, அடையாள அட்டையில் முதலெழுத்தாக, சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். ஒரு எச் கூடினாலும் குறைந்தாலும் பதிவின்போது கேள்வி எழும். விண்ணப்பத்தில் உயர்தரப் பரீட்சைக்குக் கொடுத்த பெயரையே போடுங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்து வைத்தால் பிறகு ஓட வேண்டியதில்லை. பாடசாலை விடுகைப் பத்திரத்தை அதிபரிடம் இப்போதே கேளுங்கள், விடுமுறை தொடங்கினால் கந்தோரில் ஆள் பிடிப்பது கஷ்டம்.

விண்ணப்பம் இணையத்தில் நிரப்புவது. சுட்டெண், அடையாள அட்டை இலக்கம், கைபேசி, ஈமெயில் தேவை. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கொமியூனிகேஷன் கடையில் நிரப்பக் கொடுக்கும்போது கடைக்காரர் தன் ஈமெயிலைப் போட்டுவிடுவார். மாதக்கணக்கில் கழித்து வரும் அறிவித்தல் எல்லாம் அவருக்கே போகும், கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். பிள்ளையின் பெயரில் புதிதாக ஓர் ஈமெயில், மாறாத ஒரு கைபேசி இலக்கம். கடவுச்சொல்லைக் கைந்நூலின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். நிரப்பியதை அச்சிட்டு, கையொப்பங்களும் அத்தாட்சிகளும் பெற்று, அந்த வருடக் கைந்நூல் சொல்லும் வழியில் சேர்க்க வேண்டும். முடிவுத் திகதிக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் இணையத்தளம் திணறும், அதுவரை விட்டுவைக்க வேண்டாம். மீள்திருத்தத்துக்குப் போட்டிருந்தாலும் அதன் முடிவுக்காக இந்த விண்ணப்பத்தைத் தாமதிக்கக் கூடாது.

விண்ணப்பித்த பிறகு நீண்ட காத்திருப்பு. 2024 உயர்தரப் பெறுபேறு வந்தது 2025 ஏப்ரலில். அதிலிருந்து தெரிவு, பதிவு, வகுப்பு என்று மாதங்கள் போகும். மருத்துவம் சார்ந்த பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை அந்த மாதங்களை ஆங்கில வாசிப்புக்குக் கொடுத்தால் முதலாம் வருடத்தில் மூச்சு விடலாம். உயிரியல் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் எடுத்து, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை மறுபடி வாசிப்பது பேச்சு ஆங்கில வகுப்பைவிடப் பயன் தரும்.

தெரிவானதும் குறித்த நாளுக்குள் பதிவை உறுதிசெய்யாவிட்டால் இடம் போய்விடும். பதிவு செய்த பிறகு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாமா என்பதற்குக் கடுமையான விதிகள் உண்டு, கைந்நூலின் அந்தப் பகுதியைப் பதிவுக்கு முன் வாசியுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாடு, போக்குவரத்துத்தான் செலவு. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. வருமான அத்தாட்சிக்குக் கிராம அலுவலரிடம் போக வேண்டியிருக்கும். பகிடிவதை பற்றிய பயத்தால் தூர இடங்களை வெட்டிவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம், மானியங்கள் ஆணைக்குழுவிடமே நேரடியாக முறையிட முடியும்.

காத்திருக்கும் காலத்தில் முகவர்களும் தனியார் நிறுவனங்களும் போன் எடுக்கத் தொடங்குவார்கள். வெளிநாட்டில் மருத்துவம் என்று யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று முகவரின் தாளில் அல்ல, சபையின் பட்டியலில் பாருங்கள். மகளின் உயர்தரச் சித்தி சபை கேட்கும் ஆகக்குறைந்த தகைமைக்குப் பொருந்துகிறதா? படித்து வந்த பிறகு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான இஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே பதிவு என்பது தெரிந்துதான் பணம் கட்டுகிறீர்களா? உள்ளூர்த் தனியார் பட்டம் என்றால், பட்டத்தை வழங்குவது யார், அது உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சாலோ மானியங்கள் ஆணைக்குழுவாலோ ஏற்கப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அரச தெரிவு வரும் முன் முற்பணம் கட்ட நேர்ந்தால், இடம் கிடைத்தால் திருப்பித் தருவோம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பற்றுச்சீட்டாகாது.

செலவு குறைந்த வழிகளும் கொழும்பிலேயே இருக்கின்றன. நாவலயில் திறந்த பல்கலைக்கழகம், மட்டக்குளியிலும் தெஹிவளையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமா, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம். இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் போன்றவை தனியாக விண்ணப்பம் கோரப்படும், மருத்துவம் அதில் அடங்காது. அரச இடம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டமும் உண்டு.

மறுபடி எழுதுவதா என்பது கடைசிக் கேள்வியாக வரும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று அமர்வு வரைதான். அடுத்த வருடம் எழுதினால் அந்த வருடப் பெறுபேறே கணக்கில் வரும், இந்த வருட இசட் புள்ளியைக் கொண்டு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. மகளின் மாவட்ட நிலைக்கும், கடந்த வருடங்களில் கொழும்பில் மருத்துவத்துக்குக் கடைசியாக எடுபட்ட புள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு பாடம் மட்டும் சறுக்கியதால் வந்த இடைவெளி என்றால் இரண்டாம் தடவை பொருள் உண்டு. மூன்று பாடத்திலும் சமமாகக் குறைவென்றால், ஆசைப்படி போட்ட பட்டியலில் நான்காவதோ ஐந்தாவதோ கிடைப்பதை அவள் விரும்பித்தானே எழுதினாள், அதற்குப் பதிவு செய்யட்டும். எப்படியானாலும் இந்த வருட விண்ணப்பத்தைப் போடாமல் விட வேண்டாம். இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டே தெரிவு முடிவைக் காத்திருக்கலாம்.